பெல் தீவின் மூழ்கிய நீராவிக் கப்பல்கள்: டைவ் செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து. அதன் கன்செப்ஷன் விரிகுடாவில், பெல் தீவுக்குப் பக்கத்தில் நான்கு நீராவிச் சரக்குக் கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. நான்கையும் 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் டார்பிடோ அடித்து மூழ்கடித்தன. திருகோணமலையிலோ அந்தமானிலோ மாலத்தீவிலோ டைவிங் பழகிவிட்டு இப்போது கனடாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் "பெல் தீவுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். போகலாம், கட்டாயம் போக வேண்டிய இடம். ஆனால் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஆழத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அங்கே கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி. கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

அந்த நான்கு கப்பல்கள் எவை? என்ன நடந்தது?

சகனாகா, லார்ட் ஸ்ட்ராத்கோனா, ரோஸ் காஸில், பிஎல்எம் 27. நான்குமே இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள். சகனாகா பிரிட்டிஷ் கப்பல். லார்ட் ஸ்ட்ராத்கோனாவும் ரோஸ் காஸிலும் கனடாவுடையவை, இரண்டும் 1915இல் கட்டப்பட்டவை. பிஎல்எம் 27 ஜெர்மனியை எதிர்த்த சுதந்திர பிரான்ஸ் தரப்புக் கப்பல். பெயரில் உள்ள மூன்று எழுத்துகள் பாரிஸ்–லியோன்–மெடிட்டரேனி என்ற ரயில் கம்பெனியைக் குறிக்கும்.

முதல் தாக்குதல் 1942 செப்டம்பர் 5 அன்று. யு-513 என்ற நீர்மூழ்கி முந்தின இரவே ஒரு தாதுக் கப்பலின் பின்னாலேயே விரிகுடாவுக்குள் நுழைந்து, அடியில் படுத்துக் காத்திருந்தது. மறுநாள் பட்டப்பகலில் சகனாகாவை அடித்தது. கப்பல் நிமிடக் கணக்குகூட நிற்கவில்லை, 29 பேர் இறந்தார்கள். அது போனதைப் பார்த்த லார்ட் ஸ்ட்ராத்கோனா மாலுமிகள் உடனே படகுகளில் இறங்கிவிட்டார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்து அவர்கள் கப்பலும் போனது. ஆட்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. நவம்பர் 2 விடிவதற்கு முன், இருட்டில், யு-518 வந்தது. ஒரு டார்பிடோ குறி தவறிப் போய்த் தாது ஏற்றும் துறைமேடையில் வெடித்தது. அடுத்தடுத்து ரோஸ் காஸிலும் பிஎல்எம் 27உம் மூழ்கின. முன்னதில் 28 பேர், பின்னதில் 12 பேர். நான்கு கப்பல்களையும் சேர்த்தால் 69 உயிர்கள். ரோஸ் காஸிலின் கதை இன்னும் கொடுமை. அதற்குச் சில நாட்களுக்கு முன், அக்டோபரில், யு-69 அதன்மேல் விட்ட டார்பிடோ வெடிக்காமல் போய்த் தப்பித்திருந்தது. அதே யு-69தான் அந்த மாதம் காரிபூ என்ற பயணிகள் படகையும் மூழ்கடித்தது.

யு-518 இங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. கியூபெக் கரையில் ஒரு ஜெர்மன் உளவாளியை இறக்கிவிட்டுப் போனது. அவர் தங்கிய ஓட்டல்காரரின் மகனுக்குச் சந்தேகம் வந்து, அன்றே பிடிபட்டார். டைவிங்குக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு தூரம் வந்து ஒரு சின்னத் தீவைத் தாக்க என்ன காரணம்?

பெல் தீவின் அடியில் இருந்தது இரும்பு. வபானா சுரங்கங்கள் 1895இல் தொடங்கி 1966 வரை நடந்தன. சுரங்கப் பாதைகள் தீவைத் தாண்டிக் கடலுக்கு அடியிலும் போகின்றன. இங்கிருந்து தாது நோவா ஸ்கோஷியாவின் சிட்னி எஃகு ஆலைக்குப் போனது. போர்க்காலத்தில் எஃகு என்றால் கப்பல், டாங்கி, பீரங்கி. போருக்கு முன்பு இதே தாதுவை நிறைய வாங்கியவர்களில் ஜெர்மனியும் ஒன்று. ஆகவே இடம் எது, மதிப்பு என்ன என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

கப்பல்கள் ஏன் அவ்வளவு வேகமாக மூழ்கின என்பதற்கும் தாதுவே காரணம். இரும்புத் தாது மிகக் கனமானது. சரக்கறையில் கொஞ்ச உயரத்துக்குப் போட்டதுமே கப்பல் தாங்கக்கூடிய எடை வந்துவிடும். மீதி இடமெல்லாம் வெறும் காற்று. ஓட்டை விழுந்ததும் அந்த வெற்றிடம் முழுக்கத் தண்ணீர் புகும். மரம் ஏற்றிய கப்பலாக இருந்தால் சரக்கே கொஞ்ச நேரம் மிதக்க வைக்கும். இங்கே அதற்கு வழியே இல்லை.

எவ்வளவு ஆழம்? எந்தக் கப்பலில் தொடங்குவது?

பிஎல்எம் 27இல் தொடங்குங்கள். கரைக்கு அருகில், லான்ஸ் கோவ் என்ற இடத்துக்கு நேரே, நான்கில் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. அடிமணல் சுமார் 30 மீட்டர். மேல்தளம் அதைவிட நன்றாக மேலே. அடுத்து சகனாகாவும் லார்ட் ஸ்ட்ராத்கோனாவும், அடி சுமார் 35 மீட்டரை ஒட்டி. ரோஸ் காஸில்தான் ஆழமானது. மேல்தளமே பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அடி 45 மீட்டரையும் தாண்டும். அது தொழில்நுட்ப டைவிங் பயிற்சி எடுத்தவர்களுக்கான கப்பல். "40 மீட்டர் வரைக்கும் எனக்குச் சான்றிதழ் இருக்கிறதே, தளத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபின் இன்னும் ஐந்து மீட்டர் கீழே ஏதோ ஒன்று கண்ணில் படும். இறங்காமல் இருக்க யாருக்கும் மனசு வராது.

வரிசையாக நான்கையும் ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிஎல்எம் 27ஐயே இரண்டு மூன்று முறை பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது தெரியும்.

தண்ணீர் உண்மையில் எவ்வளவு குளிராக இருக்கும்?

வடக்கிலிருந்து வரும் லாப்ரடார் நீரோட்டத்தின் தண்ணீர் இது. ஆகஸ்டில் மேற்பரப்பு 12, 13 டிகிரி காட்டலாம். படகிலிருந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு "அவ்வளவு மோசமில்லை" என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். இறங்க இறங்க ஓர் இடத்தில் வெப்பநிலை சட்டென்று விழும். அதற்குக் கீழே கப்பல் கிடக்கும் ஆழத்தில் கோடையிலும் ஒற்றை இலக்கம்தான், வருஷத்தின் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டிக்கூட வரும். உப்பு நீர் என்பதால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலும் அது உறைவதில்லை.

மன்னார் வளைகுடாவிலோ மாலத்தீவிலோ 28 டிகிரித் தண்ணீரில் பழகியவருக்கு முதல் அதிர்ச்சி முகத்தில் விழும். மாஸ்க்குக்கும் ஹூட்டுக்கும் நடுவே தெரியும் நெற்றி, உதட்டைச் சுற்றிய தோல் இரண்டும் ஓரிரு நிமிடம் சுரீரென்று வலித்துவிட்டு மரத்துப்போகும். மூச்சு தானாகவே வேகமாகும். அந்த வேகம் அடங்கும் வரை இறங்கு கயிற்றைப் பிடித்தபடியே நில்லுங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அவசரப்படுத்துகிற கூட்டாளியோடு டைவ் செய்யாதீர்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

ஜூன் முதல் அக்டோபர் வரை. அதற்குள் உங்கள் ஆசையைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் காப்லின் என்ற சிறு மீன்கள் முட்டையிடக் கரைக்கு வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு கூன்முதுகுத் திமிங்கலங்களும் வரும். சில வருஷம் பனிப்பாறைகளும் மிதந்து வரும். ஆனால் அப்போது தண்ணீரும் குளிர், மிதவை உயிரிகள் பெருகி மேல்தண்ணீர் கலங்கியும் இருக்கலாம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தண்ணீர் கொஞ்சம் இளகும், தெளிவும் நன்றாக இருக்கும். கப்பல்தான் முக்கியம் என்றால் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபரில் காற்று எழும்பிவிட்டால் படகே கிளம்பாது.

7 மில்லிமீட்டர் வெட் சூட் போதாதா? ட்ரை சூட் விலை யானை விலையாக இருக்கிறதே.

போதாது. காரணம் எளிது. வெட் சூட்டில் உங்களைக் காப்பது ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கி, 7 மில்லிமீட்டர் உடை ஏறக்குறைய பாதித் தடிமனுக்கு வந்துவிடும். எங்கே குளிர் அதிகமோ அங்கேதான் உடை மெல்லியதாகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

ட்ரை சூட்டில் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே போடும் கம்பளி அல்லது தடித்த செயற்கை இழை உடைதான் சூடு தருகிறது. இறங்கும்போது டேங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டு, அந்த உடை நசுங்காமல் பார்த்துக்கொள்கிறோம். அப்படி விட்ட காற்று ஏறும்போது விரியும். அதை நேரத்தோடு வெளியேற்றாவிட்டால் ஆளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். கால் பக்கம் காற்று போய்த் தலைகீழாவதும் உண்டு. ஆகவே ட்ரை சூட்டை வாடகைக்கு எடுத்து முதன்முதலாக பெல் தீவிலேயே போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. பழைய உடை வாங்கினால் கழுத்து, மணிக்கட்டு ரப்பர்களை மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். முதலில் கிழிவது அவைதான்.

கையுறையும் உலர் வகையாக இருந்தால் நல்லது. குளிரில் முதலில் போவது விரல்கள். விரல் வேலை செய்யவில்லை என்றால் கொக்கி கழற்ற முடியாது, ரீல் சுற்ற முடியாது, உடைக்குள் காற்று விடும் பொத்தானைக் கூடச் சரியாக அழுத்த முடியாது. கேமராவை விடுங்கள், அது அப்புறம்.

ரெகுலேட்டர் உறைந்துபோகும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. ரெகுலேட்டர்தான் டேங்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. டேங்கில் 200 பார் (மேற்பரப்புக் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 200 மடங்கு) அழுத்தத்தில் இருக்கும் காற்று, டேங்கோடு சேரும் முதல்நிலை என்ற பாகத்தில் திடீரென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள தண்ணீரே 3, 4 டிகிரி என்றால் அந்தக் குளிரை ஈடுகட்டச் சூடு கிடைக்காது. வால்வைச் சுற்றிப் பனி கட்டி, அது திறந்தபடியே நின்றுவிடும். காற்று நிற்காமல் கொட்டும். மூச்சு நின்றுபோகாது, ஆனால் டேங்க் சில நிமிடங்களில் காலியாகும்.

தடுக்க வழிகள் உண்டு. சுற்றுப்புறத் தண்ணீர் உள்ளே புகாதபடி மூடிய, குளிர்நீருக்கென்றே செய்த முதல்நிலை வேண்டும். டேங்கில் ஈரமில்லாத நல்ல காற்று நிரப்ப வேண்டும். படகில் நின்றுகொண்டு ரெகுலேட்டரில் ஊதிப் பார்ப்பது, மேலே காற்றில் பட்டனை அழுத்திப் பார்ப்பது எல்லாம் கூடாது. மூச்சில் உள்ள ஈரம் உள்ளேயே உறையும். முதல் மூச்சைத் தண்ணீருக்கு அடியில் எடுங்கள். உடைக்கும் மிதவை ஜாக்கெட்டுக்கும் காற்று விடும்போது சின்னச் சின்னதாக விடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் உறையலாம். அதனால்தான் அங்கே வழக்கமாக டைவ் செய்கிறவர்கள் தனித்தனி வால்வில் இரண்டு முதல்நிலைகள் வைத்திருப்பார்கள். கொட்டுகிறதை மூடிவிட்டு மற்றதில் மூச்சு எடுக்கலாம். மூடுகிற அந்தப் பழக்கம் கையோடு வந்திருக்க வேண்டும், அதுவும் தடித்த கையுறையோடு.

ஒரு டேங்க் எவ்வளவு நேரம் வரும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 15 லிட்டர் டேங்க், 200 பார். மொத்தம் 3,000 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறவர் 30 மீட்டரில் 80 லிட்டர் எடுப்பார். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற விதியை வைத்தால், திரும்பத் தொடங்குவதற்கு முன் 12 நிமிடம்தான் கிடைக்கும்.

இதிலும் குளிர் பங்கு கேட்கும். கடையில் 20 டிகிரியில் 200 பார் காட்டிய டேங்க் 4 டிகிரித் தண்ணீரில் சுமார் 189 காட்டும். கசிவு இல்லை, பயப்பட வேண்டாம். குளிர்ந்த வாயுவின் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். மூச்சும் வழக்கத்தைவிட வேகமாகப் போகும். உங்கள் வெப்பக்கடல் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) எடுக்கலாமா?

எடுங்கள். 30 மீட்டரில் சாதாரணக் காற்றுக்குப் பயிற்சி அட்டவணைகள் தரும் நிற்காத நேரம், அதாவது ஏறும் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டியில்லாமல் கீழே இருக்கக்கூடிய நேரம், 20 நிமிடம். 32 விழுக்காடு ஆக்சிஜன் கலவையில் அது 30 ஆகிறது. அந்தக் கலவையின் எல்லை 33 மீட்டர் சொச்சம், பிஎல்எம் 27க்குச் சரியாக இருக்கும். மற்ற இரண்டின் அடிப்பகுதிக்குப் போகிறவர்கள் 28 விழுக்காடு கேட்கிறார்கள். அது 40 மீட்டர் வரை தாங்கும். ரோஸ் காஸிலுக்கு ஹீலியம் கலந்த வாயு. அந்த வாயுவை மட்டும் ட்ரை சூட்டுக்குள் விடக் கூடாது. ஹீலியம் சூட்டை வேகமாகக் கடத்திவிடும், உடைக்குள் காற்றோ ஆர்கானோ தனியாக வேண்டும்.

கீழே என்னதான் பார்க்கலாம்?

முழுக் கப்பல். நான்கும் அடிப்பாகம் கீழே இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. மூழ்கிய கப்பல் என்றதும் தகரக் குவியலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இதுவே முதல் ஆச்சரியம். கைப்பிடிக் கம்பிகள், சரக்கறை வாய்கள், பாய்மரம் போல நின்று சரக்கு தூக்கிய கம்பங்கள், வின்ச்சுகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பிஎல்எம் 27இன் பின்பக்கம் போனால் சுக்கானும் ப்ரொப்பெல்லரும். அதன் முன் ஒரு ஆள் மிதந்தால்தான் அளவு புரியும். டார்பிடோ துளைத்த இடமும் தெரியும். தடித்த இரும்புத் தகடு உள்பக்கமாக மடங்கி நிற்கிறது.

லார்ட் ஸ்ட்ராத்கோனாவின் பின்புறத்தில் தற்காப்புக்கு வைத்த பீரங்கி இன்னும் இருக்கிறது. சரக்குக் கப்பல்களுக்குப் போர்க்காலத்தில் இப்படி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். நங்கூரமிட்ட கப்பலைத் தண்ணீருக்கு அடியிலிருந்து அடிப்பவனுக்கு எதிராக அது என்ன செய்திருக்க முடியும்? ரோஸ் காஸிலில் எல்லோரும் தேடுவது மார்க்கோனி ரேடியோ. அறையின் சுவர்கள் இடிந்து விழுந்துவிட, கருவி வெளியே தெரிய நிற்கிறது.

இத்தனைக்கும் மேல் பூக்கள். தண்டு நீண்ட கடல் சாமந்திகள் (பூப்போலத் தெரியும் விலங்குகள்) வெள்ளையும் ஆரஞ்சும் தவிட்டு நிறமுமாகக் கம்பி கம்பியாக, தகடு தகடாக மூடியிருக்கின்றன. விளக்கு அடிக்காத வரை எல்லாம் பச்சை கலந்த சாம்பல். அடித்ததும் நிறம் எழும்பும். நல்ல விளக்கு இல்லாமல் போனால் பாதி டைவ் வீண்.

80 வருஷம் கடந்தும் இவ்வளவு முழுசாக இருக்க என்ன காரணம்?

குளிர்தான், அது கெடுதல் மட்டும் செய்வதில்லை. துருப்பிடிப்பது ஒரு வேதிவினை, குளிரில் மெதுவாக நடக்கும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுக்களுக்கும் இவ்வளவு குளிர் அவ்வளவாக ஒத்துவராது. பெரிய அட்லாண்டிக் அலைகள் நேரடியாகப் படாத விரிகுடாவில் கிடப்பதும் ஒரு காரணம். ஆனாலும் நிரந்தரம் இல்லை. மேல்தளக் கட்டுமானங்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. படகுகள் கப்பல்மேலேயே நங்கூரம் போட்டால் சேதம் இன்னும் சீக்கிரம். நிலையான மிதவையில் கட்டுகிற படகாகப் பார்த்துப் போங்கள்.

கப்பலுக்கு உள்ளே போகலாமா?

உள்ளே நுழையும் டைவிங்குக்குத் தனிப் பயிற்சி, வழிகாட்டும் கயிறு, கூடுதல் காற்று இல்லை என்றால் கூடாது. பயிற்சி இருந்தாலும் இந்தக் கப்பல்களில் நான் சொல்வது: வெளியிலிருந்தே பார்க்கப் போதுமான அளவு இருக்கிறது. உள்ளே தாதுப் பொடியும் துருவும் கலந்த வண்டல். துடுப்பு ஒரு முறை பட்டால் செம்புழுதி எழுந்து ஒன்றும் தெரியாது. மேலே விட்ட மூச்சுக் குமிழிகள் கூரைத் துருவை உதிர்க்கும். உள்ளே இருக்கும்போது ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டினால், அப்புறம் வாசலைத் தேட எத்தனை நிமிடம் இருக்கிறது என்று மேலே போட்ட கணக்கையே திரும்பப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இறந்தவர்களில் பலரின் உடல் கிடைக்கவே இல்லை. சரக்கறை வாயில் நின்று விளக்கடித்துப் பார்ப்பதோடு திரும்புவது எனக்குப் போதும்.

நினைவுக்கு ஒரு சின்னப் பொருள் எடுத்து வந்தால் என்ன?

எடுக்கக் கூடாது. மாகாணச் சட்டப்படி குற்றம். தாதுக் கல்லாக இருந்தாலும், உடைந்த பீங்கான் துண்டாக இருந்தாலும், இருந்த இடத்தில் இருக்கட்டும். அடுத்து வருபவருக்கும் ஏதாவது வேண்டாமா?

சுறா உண்டா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது சிங்கப்பிடரி ஜெல்லி மீன், கோடை கடைசியில் நிறைய வரும். அதன் இழைகள் மிக நீளம். மூடாமல் இருக்கும் உதட்டோரத்தில் பட்டால் எரியும். மற்றபடி காட் மீன், ஈல் போல நீண்ட முகம் சுளித்த ஓஷன் பவுட், கடல் முள்ளெலிகள், நட்சத்திர மீன்கள். காட் மீனைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த மீனை நம்பியே நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஊர்கள் இவை. 1992 ஜூலையில் அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியபோது பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

டொராண்டோவில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம், பயிற்சிக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. முதலில் ஒரு கல் குவாரியில் ட்ரை சூட் பழகுங்கள். பின் டோபர்மோரி. ஹியூரான் ஏரியின் ஆழத் தண்ணீர் கோடையிலும் நல்ல குளிர், மூழ்கிய கப்பல்களுக்கும் குறைவில்லை. அங்கே 30 மீட்டரில், கையுறையோடு, வால்வை மூடித் திறக்கவும் இடம் காட்டும் மிதவைக் குழாயை மேலே அனுப்பவும் பதற்றமில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் பெல் தீவுக்கு டிக்கெட் போடலாம். பிராக்வில் பக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கீஸ்டார்ம் போன்ற நீராவிக் கப்பல்கள் அருமையானவை, ஆனால் கோடையில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பு. அது குளிருக்குத் தயாரிப்பாகாது.

எடையை மறக்காதீர்கள். ஏரி நன்னீர், பெல் தீவு உப்புநீர். சாமானோடு சேர்த்து 110 கிலோ இருக்கும் ஒருவருக்கு உப்புநீரில் இரண்டரை, மூன்று கிலோ ஈயம் கூட வேண்டும்.

பெண்ட்ஸ் (ஏறும்போது உடம்புக்குள் நைட்ரஜன் குமிழி கட்டுவதால் வரும் நோய்) வருவதற்கும் குளிருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இறங்கும்போது உடம்பு சூடாக இருக்கும், ரத்தம் நன்றாக ஓடும், நைட்ரஜன் தாராளமாக உள்ளே போகும். ஏறும்போது உடம்பு குளிர்ந்து கை கால் ரத்த ஓட்டம் சுருங்கியிருக்கும். போன நைட்ரஜன் அதே வேகத்தில் வெளியே வராது. பெரும்பாலான டைவ் கம்ப்யூட்டர்களுக்கு உங்களுக்குக் குளிர்கிறதா என்பது தெரியாது. ஆகவே அது காட்டும் எல்லைக்கு நன்றாக முன்பே கிளம்பி, மேலே 5 மீட்டரில் கூடுதலாகச் சில நிமிடம் நில்லுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டால் டைவ் முடிந்தது என்று அர்த்தம். மேலே வந்ததும் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் குளியுங்கள். முதலில் உலர்ந்த துணி, சூடான தேநீர். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே முழுசாக 24 மணி நேரம் விடுங்கள்.

எப்படிப் போவது? கூட வரும் குடும்பத்தார் என்ன செய்வார்கள்?

டொராண்டோவிலிருந்து மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்கு விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். இந்தியா, இலங்கை மாதிரி இவர்களுக்கும் அரை மணிக் கணக்கு. டைவ் படகுகள் விரிகுடாவின் தெற்குக் கரையிலிருந்து கிளம்பும். டைவ் செய்யாதவர்கள் போர்ச்சுகல் கோவ் என்ற இடத்திலிருந்து ஃபெர்ரி பிடித்தால் சுமார் 20 நிமிடத்தில் தீவு. அங்கே இரண்டாம் எண் சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு நடந்து பார்க்கலாம், லான்ஸ் கோவில் இறந்த மாலுமிகளுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. தாக்குதல் நடந்தபோது சிறு படகுகளில் போய்ப் பிழைத்தவர்களைத் தூக்கி வந்து கவனித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

இந்தக் கடலோரத்துக்கு நம்மோடும் ஒரு தொடர்பு உண்டு. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழ் அகதிகளை நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அது செயின்ட் ஜான்ஸ் இருக்கும் இதே அவலான் தீபகற்பத்தின் தென்முனையில், செயின்ட் ஷாட்ஸ் பக்கம் நடந்தது. செயின்ட் ஜான்ஸில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்து, தமிழர் என்று சொன்னால், பலர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தண்ணீர் நிறைந்த அந்தச் சுரங்கத்துக்குள்ளும் டைவ் செய்கிறார்களாமே?

செய்திருக்கிறார்கள். சுரங்கம் மூடப்பட்டதும் தண்ணீர் இறைப்பதை நிறுத்தினார்கள், கீழ்ப் பாதைகள் மூழ்கின. 2016இல் குகை டைவிங் நிபுணர் ஜில் ஹைனெர்த் உள்ளிட்ட குழு ஒன்று உள்ளே போய்ப் பார்த்துப் படம் எடுத்தது. விட்டுவிட்டுப் போன கருவிகளும் தொழிலாளர்கள் சுவரில் கிறுக்கிய எழுத்துகளும் அப்படியே இருந்தன. அதற்கு முன் நடந்த ஒரு முயற்சியில் ஒருவர் உயிரிழந்திருக்கிறார். குகை டைவிங்கில் நீண்ட அனுபவமும் தகுந்த அனுமதியும் இருப்பவர்களுக்கான வேலை அது. கப்பல்களைப் பார்க்க வருகிறவர்கள் சுரங்கத்தை மேலிருந்து, காலணி போட்டுக்கொண்டு பாருங்கள். உள்ளேயும் குளிர்தான், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.